தோற்றவரின் பெயர்

சதுரங்க ஆட்டத்தின் வரலாற்றைப் புரட்டுவோர் அதில் ஒரு விந்தையைக் காண்பர். 1918-ஆம் ஆண்டு அக்டோபர் 23-ஆம் நாள் நியூயார்க் நகரில் நடைபெற்ற ஒரு போட்டி ஆட்டத்தில் கியூபா நாட்டவரான ஹோசே ரவுல் கபாபிளாங்கா வென்றார். அமெரிக்கரான ஃபிராங்க் மார்ஷல் தோற்றார். அன்று மார்ஷல் கையாண்டு தோற்ற முறைக்கு இன்றளவும் ‘மார்ஷல் தாக்குதல்’ என்றே பெயர். ஒரு நூற்றாண்டு கடந்த பின்னும் உலகின் தலைசிறந்த ஆட்டக்காரர்கள் அதனை ஆடுகிறார்கள்; சிலர் அதற்கு அஞ்சி வழிமாறிச் செல்கிறார்கள். வென்றவரின் பெயரை அதற்குச் சூட்ட எவரும் எண்ணவில்லை.

தோல்வி ஒருவரின் பெயரை மங்கச் செய்யும் என்றே நாம் பொதுவாக எண்ணி வந்திருக்கிறோம். இங்கே தோல்வியடைந்த அந்த ஆட்டமே ஒரு மனிதரின் பெயரை நிலைநிறுத்தியிருக்கிறது. இஃது எவ்வாறு நேர்ந்தது என ஆராயப் புகுந்த நாம், 1918-இலிருந்து பின்னோக்கிச் சென்று, 16-ஆம் நூற்றாண்டு ஸ்பெயினில் வாழ்ந்த ஒரு கத்தோலிக்கக் குருவின் முன் போய் நின்றோம். ஆகவே அவரிடமிருந்தே தொடங்குவோம். சதுரங்கம் ஆடத் தெரியாத வாசகரும் தயங்காமல் உடன் வரலாம். அரசன், அரசி, மந்திரி, குதிரை, யானை, சிப்பாய் என்னும் காய்களின் பெயர்களை நினைவில் கொண்டால் போதுமானது.

சாஃப்ரா ஊரின் குரு

ருய் லோப்பஸ் தெ செகூரா என்பது அக்குருவின் பெயர். ஸ்பெயின் நாட்டின் எஸ்திரமதூரா பகுதியில் உள்ள சாஃப்ரா அவர் ஊர். திருத்தந்தை நான்காம் பயஸ் பொறுப்பேற்ற காலத்தை ஒட்டி, 1560-ஆம் ஆண்டு வாக்கில், திருச்சபை அலுவலாக அவர் உரோமை சென்றார். அங்கே இத்தாலிய ஆட்டக்காரர்களைச் சந்தித்தார். லியோனார்தோ என்னும் இளைஞரை வென்றார். தாயகம் திரும்பியபின் 1561-இல் அல்கலா தெ எனாரெஸ் நகரில் சதுரங்கக் கலை குறித்து ஒரு நூலை வெளியிட்டார். அந்நூலில் ஆராயப்பட்ட ஒரு தொடக்க முறையே இன்று உலகெங்கும் அவர் பெயரால் வழங்குகிறது. ‘ஸ்பானிய ஆட்டம்’ என்றும் அதனை அழைப்பர்.

அம்முறை எளிமையானது. வெள்ளை தன் அரசனுக்கு முன்னுள்ள சிப்பாயை இரண்டு கட்டம் முன்னே நகர்த்துகிறது. கறுப்பும் அவ்வாறே செய்கிறது. வெள்ளைக் குதிரை வெளியே வந்து அந்தக் கறுப்புச் சிப்பாயைத் தாக்குகிறது. கறுப்புக் குதிரை வெளியே வந்து அதனைக் காக்கிறது. மூன்றாம் நகர்வில் வெள்ளை மந்திரி பலகையின் பாதிக்கும் அப்பால் சென்று, காவலுக்கு வந்த அந்தக் குதிரையை நெருக்குகிறது. சிப்பாயை நேரே தாக்குவதைவிட அதன் காவலனை நெருக்குவதே வலியது என்பது இதன் உட்கருத்து. நாம் மந்திரி என்று சொல்லும் இக்காயை ஆங்கிலேயர் ஆயர் என்னும் பொருள்படப் ‘பிஷப்’ என்பர். ஸ்பானியர் வழங்கும் பெயரோ, யானையைக் குறிக்கும் அரபுச் சொல்லின் வழி வந்தது. ஆதலால் ஒரு குரு தம் ஆயரை முன்னிறுத்திய ஆட்டம் இது என்று எவரேனும் நயம்பட உரைத்தால், அது ஆங்கிலம் தந்த நயமேயன்றிச் சாஃப்ரா ஊர்க் குரு நினைத்தது அன்று.

இங்கே இரண்டு செய்திகளை நாம் கவனிக்க வேண்டும். முதலாவது, இத்தொடக்கத்தை முதன்முதல் கண்டவர் லோப்பஸ் அல்லர். அவருக்கு ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் முற்பட்ட கோட்டிங்கன் கையெழுத்துப் படியிலேயே இது காணப்படுகிறது. இரண்டாவது, கறுப்பு தன் சிப்பாயைக் குதிரையால் காப்பது தவறு என்பதை நிறுவவே லோப்பஸ் இந்த மந்திரி நகர்வை எடுத்துக்காட்டினார். பின்வந்த நூற்றாண்டுகள் அவருடைய அந்தத் தீர்ப்பை ஏற்கவில்லை. குதிரையால் காப்பது நல்ல தற்காப்பே என்று கோடிக்கணக்கான ஆட்டங்கள் காட்டிவிட்டன. மேலும், 1575-ஆம் ஆண்டு வாக்கில் மன்னர் இரண்டாம் பிலிப்பின் அவையில் லோப்பஸ் மீண்டும் லியோனார்தோவை எதிர்கொண்டபோது, முன்பு தோற்ற அந்த இத்தாலியரே வென்றார். ஆக, முதலில் கண்டவரும் அல்லர், முடிவில் வென்றவரும் அல்லர், தீர்ப்பில் சரியானவரும் அல்லர். ஆயினும் பெயர் அவருடையதாகவே நிலைத்துவிட்டது.

இயேசு சபைக் கல்லூரியின் மாணவர்

லோப்பஸின் மந்திரியை எப்படி எதிர்கொள்வது? பல விடைகள் கூறப்பட்டன. அவற்றுள் பெரிதும் நிலைபெற்ற விடை, பலகையின் ஓரச் சிப்பாய் ஒன்றை ஒரே ஒரு கட்டம் நகர்த்துவது. அச்சிறு சிப்பாய் வந்து மந்திரியைப் பார்த்து, ‘தாக்குவதானால் இப்போதே தாக்கு, இல்லையேல் விலகிப் போ’ என்று கேட்பது போன்ற நகர்வு அது. அதற்கு ‘மார்பி தற்காப்பு’ என்று பெயர்.

பால் மார்பி 1837-இல் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் பிறந்தவர். அலபாமா மாநிலத்தில் இயேசு சபையார் நடத்திய ஸ்பிரிங் ஹில் கல்லூரியில் பயின்று 1854-இல் பட்டம் பெற்றவர். பின்னர்ச் சட்டம் படித்துத் தேறியும், வழக்காட உரிய வயதை எட்டாமையால் காத்திருக்க வேண்டியதாயிற்று. அந்தக் காத்திருப்புக் காலத்தில்தான் 1857-இல் நியூயார்க்கில் நடந்த முதல் அமெரிக்கச் சதுரங்கப் பேரவையில் வென்றார். அடுத்த ஆண்டு ஐரோப்பா சென்று அங்கிருந்த பெரும் ஆட்டக்காரர்களை வென்றார். சில ஆண்டுகளிலேயே போட்டி ஆட்டத்தை விட்டு விலகிய அவர், 1884-இல் தம் 47-ஆம் வயதில் மறைந்தார். அவர் பெயர் தாங்கிய அந்தச் சிப்பாய் நகர்வையும் அவருக்கு முன்பே சிலர் ஆடியிருந்தனர். உலகம் பார்த்திருக்கும் ஆட்டங்களில் அவர் அதனை நம்பி ஆடியதால் பெயர் அவருக்கு உரியதாயிற்று.

ஒரு குருவின் தொடக்கம், அதற்கு இயேசு சபையாரிடம் பயின்ற ஓர் இளைஞரின் தற்காப்பு. இவ்விரண்டும் கூடிய பாதையில்தான் 1918-இல் கபாபிளாங்காவும் மார்ஷலும் எதிரெதிரே நடந்து வந்தார்கள்.

இரு மனிதர்

கபாபிளாங்கா 1888-இல் ஹவானா நகரில் பிறந்தவர். படைத்துறை அலுவலரான தந்தை ஆடுவதைப் பார்த்தே நான்கு வயதில் ஆட்டத்தைக் கற்றுக்கொண்டதாக அவரே கூறியுள்ளார். அவர் ஆட்டத்தில் ஆரவாரம் இராது. தெளிந்த நீரின் அடியில் கிடக்கும் கூழாங்கற்களைப் பார்ப்பதுபோல் பலகையை அவர் பார்த்தார் எனலாம். 1916-ஆம் ஆண்டிலிருந்து 1924-ஆம் ஆண்டு வரை, எட்டாண்டுக் காலம், போட்டி ஆட்டம் ஒன்றிலும் அவர் தோற்கவில்லை. அதற்கிடையில், 1921-இல், உலக வாகையர் பட்டத்தையும் வென்றார்.

மார்ஷல் அவரினும் 11 ஆண்டு மூத்தவர். 1877-இல் நியூயார்க்கில் பிறந்தவர். தாக்குதலே அவர் இயல்பு. தோற்கும் நிலையிலிருந்து எதிராளியைத் தடுமாறச் செய்து மீளுவதில் பேர்பெற்றவர். 1904-இல் கேம்பிரிட்ஜ் ஸ்பிரிங்ஸ் போட்டியில் ஓர் ஆட்டமும் தோற்காமல், அன்றைய உலக வாகையர் லாஸ்கரையும் பின்தள்ளி முதலிடம் பெற்றார். எனினும் 1907-இல் அதே லாஸ்கருடன் பட்டத்துக்காக மோதியபோது ஓர் ஆட்டத்திலும் வெல்ல இயலவில்லை. 8 ஆட்டங்களில் தோற்றார், 7 சமனாயின.

1909-இல் இருபது வயது கபாபிளாங்கா மார்ஷலுடன் ஒரு தொடர் ஆடினார். பெயர் பெற்ற ஆட்டக்காரர் அனுபவமில்லாத இளைஞரை எளிதில் வெல்வார் என்பதே எதிர்பார்ப்பு. முடிவு வேறாயிற்று. 23 ஆட்டங்களில் கபாபிளாங்கா 8 வென்றார், மார்ஷல் வென்றது ஒன்றே ஒன்று, 14 சமனாயின.

இதன்பின் மார்ஷல் செய்த ஒரு செயலைச் சதுரங்க உலகம் மறக்கவில்லை. 1911-இல் ஸ்பெயினின் சான் செபாஸ்தியான் நகரில் ஒரு பெரும் போட்டி நடந்தது. பெரிய போட்டிகளில் முன்னரே பரிசு பெற்றவர்களுக்கே அதில் இடம். கபாபிளாங்காவுக்கு அத்தகுதி இருக்கவில்லை. அவரைச் சேர்ப்பதைச் சிலர் எதிர்த்தனர். அவரிடம் படுதோல்வி கண்ட மார்ஷலோ அவருக்காகப் பரிந்து நின்றார். கபாபிளாங்கா சேர்க்கப்பட்டார், அப்போட்டியில் முதல் பரிசும் பெற்றார். தம்மை வீழ்த்தியவனுக்கு மேலும் பெரிய வாசலைத் திறந்துவிடும் மனம் எல்லாருக்கும் வாய்ப்பதில்லை. 1918-இன் ஆட்டத்தைப் பேசும்போது இதனையும் சேர்த்தே பேச வேண்டும் என்பது நம் கருத்து.

அந்த ஆட்டம்

1918 அக்டோபர் மாதம் நியூயார்க் நகரம் இன்னலில் இருந்தது. உலகை வாட்டிய நச்சுக் காய்ச்சல் அம்மாதத்தில் அந்நகரில் உச்சத்தை எட்டியிருந்தது. முதல் உலகப்போர் இன்னும் முடியவில்லை. போர் நிறுத்தம் நவம்பர் 11-இல்தான் வந்தது. அத்தகைய நாள்களில் ஏழு பேர் ஒருவரோடு ஒருவர் இருமுறை மோதும் போட்டி ஒன்று அங்கே தொடங்கியது.

கபாபிளாங்காவுக்கு வெள்ளை. அவர் லோப்பஸின் மந்திரியை மூன்றாம் நகர்வில் வெளியே கொண்டுவந்தார். மார்ஷல் மார்பியின் சிப்பாயை நகர்த்தினார். மந்திரி பின்வாங்கியது. இருவரும் கோட்டை கட்டித் தங்கள் அரசர்களை ஓரத்தில் பாதுகாப்பாக வைத்தனர். ஏழு நகர்வுகள் வரை எல்லாம் பழகிய பாதை. எட்டாம் நகர்வில், பலகையின் நடுப்பகுதியைப் பிடிக்கும் நோக்குடன் கபாபிளாங்கா ஒரு சிப்பாயை ஒரு கட்டம் நகர்த்தினார். மார்ஷல் அடக்கமான நகர்வொன்றைச் செய்வார் என்று எவரும் எதிர்பார்த்திருப்பர். அவரோ அரசியின் முன்னிருந்த சிப்பாயை இரண்டு கட்டம் பாய்ச்சினார்.

அதன் பொருள் இது: ‘என் சிப்பாய் ஒன்றை எடுத்துக்கொள், அதற்கு ஈடாக உன் அரசன் மேல் படையெடுக்கும் நேரத்தை எனக்குக் கொடு.’

கபாபிளாங்கா சிந்தனையில் ஆழ்ந்தார். அந்நேரத்தில் தம் மனத்தில் ஓடியவற்றைப் பின்னர் அவர் எழுதி வைத்தார். எதிராளி இதனை வீட்டிலேயே ஆய்ந்து வந்திருக்கிறார் என்பது அவருக்கு ஐயமின்றித் தெரிந்தது. ஏற்றுக்கொண்டால் கடுமையான தாக்குதல் வரும். அதன் ஒவ்வொரு கிளையும் எதிராளிக்குத் தெரிந்திருக்கும். தமக்கோ எல்லாம் புதியது. மறுத்து ஒதுங்கவும் வழி இருந்தது. ஆனால் தம் அறிவுக்கும் திறனுக்கும் விடுக்கப்பட்ட அறைகூவலை ஏற்பதே தம் மானத்துக்கு உரிய கடன் என்றும், தம் நிலை காக்கத்தக்கதே என்றும் அவர் கருதினார். சிப்பாயை எடுத்தார்.

பின்வந்த நகர்வுகளில் கறுப்புப் படை வெள்ளை அரசனின் வாசலில் திரண்டது. மார்ஷல் தம் குதிரையை அரசனின் எதிரே, ஒரு சிப்பாயின் வாயில் கொண்டுபோய் நிறுத்தினார். அதனை எடுத்தால் கறுப்பு அரசியின் தாக்குதலுக்கு வழி திறந்துவிடும். கபாபிளாங்கா எடுக்கவில்லை, தம் அரசியைக் காவலுக்குக் கொண்டுவந்தார். அடுத்து அக்குதிரை வெள்ளை அரசனின் அருகிலிருந்த சிப்பாயைக் கொன்று அவ்விடத்தில் நின்றது. அதனை அரசியால் எடுத்திருந்தால் ஆட்டமே கைவிட்டுப் போயிருக்கும். அவர் அப்போதும் எடுக்காமல் யானையை ஒரு கட்டம் முன்னே வைத்தார். மார்ஷல் ஒரு மந்திரியையும் பலியாக முன்வைத்தார். அதனைக் கபாபிளாங்கா எடுத்துக்கொண்டார். எதனை ஏற்பது, எதனை ஏற்காமல் விடுவது என்னும் இந்தத் தெளிவே அன்று அவரைக் காத்தது.

கோட்டைக்குள் இனி அரசனுக்கு இடமில்லை என்றானது. தற்காப்பின் வழக்கமான அறிவுரை, அரசனை மூலையில் பதுக்கி வை என்பது. கபாபிளாங்காவின் அரசனோ மூலையை விட்டு வெளியேறி, திறந்த வெளியில், எதிரியின் அரசியும் யானையும் முற்றுகையிட்டுக்கொண்டிருக்க, நான்கே அடிகளில் பலகையின் மறுபக்கம் நடந்து சென்று சேர்ந்தான். 24-ஆம் நகர்வில் அவன் அங்கே நின்றபோது தாக்குதலின் வேகம் தணிந்திருந்தது. இரண்டு காய்களைக் கொடுத்து ஒரு யானையை மட்டுமே பெற்றிருந்த கறுப்பு, இப்போது இழப்பின் சுமையை உணரத் தொடங்கியது.

அதன்பின் வெள்ளையின் சிப்பாய்கள் மறுபக்கத்தில் மெல்ல முன்னேறின. ஒன்று ஏழாம் வரிசையை எட்டியது; இன்னும் ஓர் அடியில் அது அரசியாகிவிடும். 36-ஆம் நகர்வில் வெள்ளை மந்திரி கறுப்பு அரசனின் அருகிலிருந்த சிப்பாயைக் கொன்று முற்றுகையிட்டது. எப்படி ஆடினாலும் முடிவு நெருங்கிவிட்டதைக் கண்ட மார்ஷல் தோல்வியை ஒப்புக்கொண்டார். இறுதி அடி கொடுத்த அந்த மந்திரி வேறெதுவும் அன்று. லோப்பஸின் முறைப்படி மூன்றாம் நகர்வில் வெளியே வந்து, மார்பியின் சிப்பாயால் விரட்டப்பட்டு, பின்வாங்கிக் காத்திருந்த அதே மந்திரிதான்.

அப்போட்டியில் கபாபிளாங்கா முதலிடமும், செர்பியரான கோஸ்திச் இரண்டாமிடமும், மார்ஷல் மூன்றாமிடமும் பெற்றனர்.

கதையும் வரலாறும்

இந்த ஆட்டத்தைச் சுற்றி ஒரு கதை வளர்ந்தது. 1909-இல் தோற்ற மார்ஷல், அந்த அவமானத்தைத் துடைக்க இம்முறையைக் கண்டுபிடித்து, ஒருவரிடமும் காட்டாமல், ஒன்பது ஆண்டுகள் கபாபிளாங்காவுக்காகவே மறைத்து வைத்திருந்தார் என்பது அக்கதை. சொல்லச் சொல்ல இனிக்கும் கதைதான். நாமும் முதலில் அதனை அப்படியே நம்பினோம்.

ஆனால் சான்றுகள் அதற்கு இடம் தரவில்லை. இடைப்பட்ட ஆண்டுகளில் பிறரோடு ஆடிய ஆட்டங்களில் இதனைக் கையாள மார்ஷலுக்குப் பல வாய்ப்புகள் வந்தன. எல்லாவற்றையும் ஓர் எதிராளிக்காகவே அவர் துறந்தார் என்று கொள்வது கடினம். மேலும் இந்தச் சிப்பாய்ப் பலி முற்றிலும் புதியதும் அன்று. 1893-இலேயே வால்ப்ரோட் என்னும் ஜெர்மானியருக்கு எதிராக இது ஆடப்பட்டிருக்கிறது. ஆடப்பட்ட ஊர் ஹவானா. கபாபிளாங்கா சிறுவனாக வளர்ந்துகொண்டிருந்த அதே நகரம்! மார்ஷலைச் சுற்றி இத்தகைய கதைகள் பல உண்டு. 1912-இல் ப்ரெஸ்லாவ் நகரில் லெவித்ஸ்கிக்கு எதிராக அவர் செய்த ஒரு நகர்வைக் கண்டு பார்வையாளர்கள் பலகையின்மேல் பொற்காசுகளைச் சொரிந்தனர் என்று அவரே எழுதினார். அதனை மறுப்போரும் உண்டு. பந்தயத்தில் தோற்றவர்கள் எறிந்த காசு அது என்போரும் உண்டு.

கதை பொய்த்தால் அதனால் நாம் கற்ற பாடமும் பொய்த்துவிடுமோ என்று சிலர் அஞ்சக்கூடும். இந்த அச்சம் நம் மக்களுக்குப் புதியதன்று. புனிதர்களின் வாழ்க்கை வரலாறுகளில் கலந்துவிட்ட கற்பனைகளைப் பிரித்தெடுக்க இயேசு சபையைச் சேர்ந்த பொல்லாண்டியர்கள் 17-ஆம் நூற்றாண்டில் முனைந்தபோதும், பக்தியை இவர்கள் அழித்துவிடுவார்கள் என்ற முணுமுணுப்பு எழத்தான் செய்தது. உண்மையில் புனிதர்களின் பெருமை குறையவில்லை. கற்பனை நீங்கியபின் எஞ்சிய மனிதர்கள் நமக்கு இன்னும் நெருக்கமானார்கள்.

மார்ஷல் செய்தியிலும் அவ்வாறே. ஒன்பது ஆண்டுகள் பழி வளர்த்த ஒரு மனிதனைக் கதை நமக்குத் தருகிறது. வரலாறு தருவதோ வேறொருவரை. தம்மை வீழ்த்திய இளைஞனுக்காக 1911-இல் பரிந்து பேசியவர். 1918-இல் அதே மனிதன் எவராலும் வெல்ல முடியாதவனாக உயர்ந்து நின்றபோது, சமன் செய்து தப்பும் வழியைத் தேடாமல், தம் கையிலிருந்த மிகத் துணிவான முறையை அவன் முன்னே வைத்தவர். பழியுணர்ச்சியைவிட இதுவே பெரிது என்று நமக்குத் தோன்றுகிறது. இனிப்பான கதையை இழந்து மேலான மனிதரைப் பெற்றோம்.

தோல்விக்குப் பின்

ஆட்டம் முடிந்தபின் மார்ஷல் அந்த முறையைக் குப்பையில் எறிந்துவிடவில்லை. எங்கே பிழைத்தோம் என்று தேடினார். பதினோராம் நகர்வில் குதிரையை அவசரமாகப் பின்னுக்கு இழுத்ததைவிட, ஒரு சிப்பாயை ஒரே ஒரு கட்டம் நகர்த்தி அக்குதிரையை நடுவில் நிலைநிறுத்துவதே தகும் என்று கண்டார். பாய்ச்சலில் வல்லவரான அவர் தம் முறைக்குச் செய்த திருத்தம் அமைதியான ஒரு சிறு நகர்வு என்பது எண்ணிப் பார்க்கத் தக்கது. அந்தத் திருத்தமே இன்றுவரை அம்முறையின் முதுகெலும்பாக நிற்கிறது.

1965-இல் உலக வாகையருக்கு எதிராளியைத் தேர்ந்தெடுக்கும் இறுதித் தொடரில் போரிஸ் ஸ்பாஸ்கி இம்முறையை மிகாயில் தாலுக்கு எதிராக நிறுத்தினார். தாக்குதலுக்கே பேர்பெற்ற தாலால் அதனை உடைக்க முடியவில்லை. பின்னர் காஸ்பரோவ் போன்ற உலக வாகையர்களே எட்டாம் நகர்வில் வழிமாறி, இதனைத் தவிர்க்கும் முறைகளை நாடினர். அவற்றுக்கு ‘மார்ஷல் எதிர்ப்பு முறைகள்’ என்று பெயர். தவிர்ப்பவர்களும் அவர் பெயரைச் சொல்லியே தவிர்க்கிறார்கள்! ஒரு சிப்பாயை இழந்தும் கறுப்பு சமநிலை காணலாம் என்பதே இன்று ஆய்வாளர்களின் பொதுவான முடிவு. அன்று தோற்றது முறையின் குற்றத்தால் மட்டும் அன்று, எதிரே அமர்ந்திருந்த மனிதரின் ஆற்றலாலும்தான் என்பது இதனால் விளங்கும்.

இப்போது மூன்று பெயர்களையும் ஒருங்கே வைத்துப் பார்ப்போம். லோப்பஸ், மார்பி, மார்ஷல் ஆகிய மூவரில் எவரும் தம் பெயர் தாங்கிய முறையை முதலில் கண்டவர் அல்லர். இருவர் அதன் பொருட்டோ அதற்குப் பின்னரோ தோற்றும் போயினர். ஆயினும் உலகம் பெயர் சூட்டியது அவர்களுக்கே. ஒரு கருத்தை எவர் முதலில் நினைத்தார் என்று மக்கள் கணக்குப் பார்ப்பதில்லை போலும். பலர் காண அதன்மேல் தம்மையே பணயம் வைத்தவர் எவரோ, அவரையே நினைவில் கொள்கிறார்கள்.

அரசி என்னும் காய்

லோப்பஸ் தம் நூலை வெளியிட்ட அதே பத்தாண்டில், அதே ஸ்பெயின் நாட்டில், அவிலா நகரத் துறவியான புனித தெரசா தம் கர்மேல் சபைச் சகோதரியருக்காக ‘நிறைவின் வழி’ என்னும் நூலை எழுதினார். இறைவேண்டலைக் குறித்துப் பேசும்போது அவர் சதுரங்கத்தை உவமையாக எடுத்துக்கொள்கிறார். இந்த ஆட்டத்தில் அரசனை மிகுதியாக நெருக்கும் காய் அரசியே; விண்ணக அரசரைப் பணியச் செய்யும் அரசி தாழ்ச்சியே என்பது அவர் தரும் விளக்கம். துறவு மடத்தில் இந்த ஆட்டம் ஆடப்படுவதில்லை என்று கூறிக்கொண்டே அதனைத் தாம் அறிந்திருப்பதற்காக அவர் நாணுவது படிக்கச் சுவையானது. நூலைத் திருத்தி எழுதியபோது அப்பகுதியை விட்டுவிட்டார். முதற்படி காக்கப்பட்டதால் நமக்கு அது கிடைத்தது. 1944-இல் ஸ்பெயின் நாட்டுத் திருச்சபை அவரைச் சதுரங்க ஆட்டக்காரர்களின் பாதுகாவலியாக அறிவித்தது.

தாழ்ச்சி என்பது ஒதுங்கி மூலையில் நிற்பது என்றே நாம் பலமுறை பொருள் கொண்டுவிடுகிறோம். தெரசாவின் உவமையில் தாழ்ச்சி பலகையிலேயே மிகுந்த வலிமையுள்ள காய். 1918-இன் ஆட்டத்தை இந்த ஒளியில் பார்க்கும்போது, தோல்வியை ஒப்புக்கொண்டு, பிழையைத் தேடி, பதினோராம் நகர்வைத் திருத்திய அந்தக் கைகளை நாம் மேலும் மதிக்கிறோம். தோற்ற அன்றே தம் முறையை வெறுத்திருந்தால் பெயரும் நின்றிராது, முறையும் பிழைத்திராது.

கபாபிளாங்கா 1942 மார்ச் 7-ஆம் நாள் நியூயார்க்கின் மன்ஹாட்டன் சதுரங்கக் கழகத்தில் ஆட்டமொன்றைப் பார்த்துக்கொண்டிருந்தபோது மயங்கி விழுந்து, மறுநாள் உயிர்நீத்தார். மார்ஷல் 1944 நவம்பர் 9-ஆம் நாள் மறைந்தார். அவர் நிறுவிய மார்ஷல் சதுரங்கக் கழகம் நியூயார்க் நகரில் இருக்கிறது.

இன்றும் எங்கேனும் இருவர் பலகையின் முன் அமர்ந்து, ஒருவர் சாஃப்ரா ஊர்க் குருவின் மந்திரியை வெளியே கொண்டுவர, மற்றவர் மார்பியின் சிறு சிப்பாயால் விடையளித்து, இருவரும் கோட்டை கட்டி முடித்தபின், எட்டாம் நகர்வுக்குக் கையை நீட்டுமுன் வெள்ளைக்காரர் சற்றே நிதானிக்கிறார். அப்போது அவர் மனத்தில் எழும் பெயர் அன்று தோற்றவருடையது.